பாற்பொடி

ஆழ்வார்திருநகரியில், தாமிரபரணிக் கரையில் மேயும் எருமையின் பாலைக் காய்ச்சாது வைத்தால் மாலைக்குள் திரிந்துவிடும். பாலில் மிகுந்துள்ள நீரில் நுண்ணுயிர்கள் பெருகுவதே காரணம். நீரை அகற்றிப் பொடியாக்கினால் பல திங்கள் கெடாது. சர்க்கரை கலந்தால் இனிய பாற்பொடியாகும்.

ஆயினும், கொழுப்பு மிகுந்த எருமைப்பால் பொடியாகாது என மேனாட்டு வல்லுநர் கூறினர். குளிர்காலத்தில் மிஞ்சிய பாலை விற்க இயலாமல் குசராத்து உழவர் வருந்தினர். எச். எம். தலாயா என்னும் வல்லுநர் எருமைப்பாலைப் பொடியாக்கிக் காட்டினார். சுண்டவைத்த பாலை வெப்பக்காற்றில் நுண்துளிகளாகத் தெளித்தால், நீர் ஆவியாகும். பொடி கீழே படியும். 1955இல் உழவர் கூட்டுறவின் ஆலை ஆனந்த் நகரில் திறக்கப்பட்டது. மாணவர்களே, இயலாது என்பதை ஆய்ந்து பார்ப்பதே அறிவு. அவ்வறிவு உழவரின் உழைப்பையும் காத்தது.