ஐயெல்ட்ஸ் வாசிப்புத் தேர்வு: விரலை வைத்துக் காட்டு!

 

வெளிநாட்டு வேலைக்கும் மேற்படிப்புக்கும் நம் பிள்ளைகள் பலர் இன்று ஐயெல்ட்ஸ் எனப்படும் ஆங்கிலத் தேர்வை எழுதுகிறார்கள். சென்ற மாதம் நர்சிங் முடித்த ஒரு சகோதரி தம் உம்மாவுடன் நமது கல்வி வழிகாட்டல் வகுப்புக்கு வந்தார். இரண்டு தடவை எழுதியும் வாசிப்புப் பகுதியில் 6.5 தான் கிடைத்திருந்தது. இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய, அங்குள்ள நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் வாசிப்பில் 7 கேட்கிறது. ஒரு தடவை தேர்வு எழுதக் கட்டணமே பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். "இவளுக்கு இங்கிலீஷ் நல்லாத்தானே வருது, எங்கே தவறுது?" என்று உம்மா கேட்டார்.

அந்தச் சகோதரி எழுதிப் பழகிய மாதிரித் தேர்வுகளை வாங்கிப் பார்த்தோம். தவறிய விடைகளில் பெரும்பாலானவை ஒரே வகைக் கேள்வியில் இருந்தன. பலரும் தடுமாறும் அந்த இடத்தையே இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தேர்வின் அமைப்பு

அகாடமிக் வாசிப்புத் தேர்வில் மூன்று நீண்ட கட்டுரைகள் தருவார்கள். மொத்தம் 40 கேள்விகள், நேரம் 60 நிமிடம். ஒவ்வொரு சரியான விடைக்கும் ஒரு மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. சுமார் 23 விடை சரியாக இருந்தால் 6, சுமார் 30 சரியாக இருந்தால் 7 கிடைக்கும். 6.5-க்கும் 7-க்கும் இடையே நிற்பது பெரும்பாலும் இரண்டு மூன்று கேள்விகள்தாம்.

மூன்று விடைகள்

ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அது ட்ரூவா, ஃபால்ஸா, நாட் கிவனா என்று கேட்பார்கள். கட்டுரை அதையே சொன்னால் ட்ரூ. கட்டுரை அதற்கு மாறாகச் சொன்னால் ஃபால்ஸ். கட்டுரை அதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்றால் நாட் கிவன். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. இப்போது செய்து பாருங்கள். தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கும். முறை புரிவதற்காக இங்கே தமிழில் தருகிறோம்.

"பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பரில் வீசிய புயலில் அது கடுமையாகச் சேதமடைந்தது. பழுது பார்த்த பின் மீண்டும் அதில் ரயில்கள் ஓடின. ராமேசுவரம் தீவுக்கு வாகனங்கள் செல்லும் சாலைப் பாலம் 1988-ல்தான் திறக்கப்பட்டது."

1. சாலைப் பாலத்துக்கு முன்பே ரயில் பாலம் திறக்கப்பட்டது.
2. 1964 புயலுக்குப் பிறகு ரயில் பாலம் பயன்படுத்தப்படவில்லை.
3. 1964 புயலில் தனுஷ்கோடி ஊர் அழிந்தது.
4. சாலைப் பாலம் கட்ட ரயில் பாலத்தைவிட அதிகச் செலவானது.

மேலே படிப்பதற்கு முன் விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது ட்ரூ, இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட்டால் தெரியும். இரண்டாவது ஃபால்ஸ்; மீண்டும் ரயில்கள் ஓடின என்று எழுதியிருக்கிறது. நான்காவது நாட் கிவன். செலவைப் பற்றிப் பேச்சே இல்லை.

மூன்றாவதில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். தனுஷ்கோடி அந்தப் புயலில் அழிந்தது நமக்கெல்லாம் தெரிந்த உண்மை. ஆனால் மேலே உள்ள நான்கு வரிகளில் அந்த ஊரின் பெயரே இல்லை. ஆகவே விடை நாட் கிவன். நமக்கு என்ன தெரியும் என்பதை இந்தத் தேர்வு கேட்கவில்லை. அந்தக் கட்டுரை என்ன சொன்னது என்பதைத்தான் கேட்கிறது. நர்சிங் படித்தவருக்கு மருத்துவக் கட்டுரை வந்தால் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ட்ரூ என்றோ ஃபால்ஸ் என்றோ எழுதுமுன் அதற்கு ஆதாரமான வரியில் விரலை வைக்க வேண்டும். உரிய இடத்தைத் தேடிப் படித்தும் விரல் வைக்க வரி இல்லையென்றால் நாட் கிவன் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். இல்லாத ஒன்றைத் தேடி ஐந்து நிமிடம் செலவழித்தால் கடைசிக் கட்டுரைக்கு நேரம் போதாது.

பெற்றோர் செய்ய வேண்டியது

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்று வாப்பாவும் உம்மாவும் ஒதுங்க வேண்டாம். பிள்ளை தினமும் அரை மணி நேரம் ஆங்கில நாளிதழில் ஒரு கட்டுரையைப் படிக்கட்டும். படித்து முடித்ததும் அதில் என்ன இருந்தது என்று தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இது அதில் எழுதியிருக்கா, நீயா சொல்றியா?" எழுதியிருந்தால் அந்த வரியை விரல் வைத்துக் காட்டட்டும். மூன்று மாதம் விடாமல் இப்படிப் பழகினால் பிள்ளையின் வாசிப்பில் மாற்றம் தெரியும், இன்ஷா அல்லாஹ்.

வாரம் ஒருமுறை கடிகாரம் வைத்து ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதட்டும். தேர்வு நடத்துவோரின் இணையதளங்களில் மாதிரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாதிரித் தேர்வில் தேவையான மதிப்பெண் தொடர்ந்து வந்த பிறகே கட்டணம் கட்டுங்கள்.

தேர்வு நாளில் மறக்கக் கூடாதவை

- ஒரு கட்டுரைக்கு 20 நிமிடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம்.
- இரண்டு சொற்களுக்கு மேற்படாமல் எழுதச் சொன்னால், மூன்று சொல் எழுதிய விடை தவறாகிவிடும்.
- எழுத்துப்பிழை இருந்தாலும் மதிப்பெண் இல்லை. கட்டுரையில் உள்ள சொல்லைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.
- எந்தக் கேள்வியையும் விடையில்லாமல் விடாதீர்கள்.

அந்தச் சகோதரி இப்போது தினமும் மஃரிபுக்குப் பின் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார். உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லாமல் அவர் விடுவதில்லை.