மூஞ்சூறு எலியன்று

இரவில் கீச்சொலி எழுப்பியபடி சுவரோரமாக ஓடும் மூஞ்சூற்றை எலியினம் என்றே பலரும் எண்ணுகின்றனர். விலங்கியல் அவ்வாறு கூறவில்லை.

எலி ஒரு கொறிவிலங்கு. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளரும். அவற்றிற்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே வெற்றிடம் உண்டு. மூஞ்சூற்றின் கூரிய பற்களோ இடைவெளியின்றி அமைந்து, பூச்சிகளைக் கடித்துண்ண ஏற்றவையாக உள்ளன. முள்ளெலியே இதற்கு நெருங்கிய உறவு. நம் வீட்டு மூஞ்சூற்றுக்கு 1766இல் லின்னேயஸ் சூட்டிய ‘மியூரினஸ்’ என்னும் பெயருக்கும் ‘எலி போன்றது’ என்பதே பொருள்!

இதற்குப் பார்வை குறைவு. மோப்பமும் செவியுமே துணை. விலாப்புறச் சுரப்பிகளே அதன் நாற்றத்திற்குக் காரணம். ஒன்றன் பின்புறத்தை மற்றொன்று கவ்வ, குட்டிகள் தாயின் பின்னே தொடர்வண்டிபோல் செல்லும். இதன் இனத்தைச் சேர்ந்த எட்ருஸ்கன் மூஞ்சூறு ஏறத்தாழ 2 கிராம் எடையே உடையது. பாலூட்டிகளுள் அதுவே எடையிற் சிறியது.

மனிதன் கற்பனையோ பலவிதம். பண்டை எகிப்தியர் மூஞ்சூற்றைப் பதப்படுத்திப் புதைத்துப் போற்றினர். இங்கிலாந்தில், அது மேலே ஓடினால் மாட்டின் கால் முடங்கும் என நம்பியதை 1789இல் வெளிவந்த தம் நூலில் கில்பர்ட் வைட் குறித்துள்ளார். ஆங்கிலத்தில் சண்டைக்காரப் பெண்ணையும் இதன் பெயரால் ஏசினர். நாமோ பிள்ளையாரின் வாகனம் என்கிறோம்.

கோயிலில் வணங்கிவிட்டு, வீட்டில் எலியென்று அடித்துக் கொல்கிறோம். நோய்க்கிருமிகளை இதுவும் சுமக்கக்கூடும். ஆகவே உணவை மூடிவைத்தல் வேண்டும். எனினும் கரப்பானைத் தின்னும் இவ்வுயிரை, எலி செய்த குற்றத்திற்காகத் தண்டிப்பது முறையாகுமா? தடியை எடுக்குமுன் பல்லைப் பார்ப்போமாக!