டேக் போட்டுக் கட்டிய பம்பருக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: கடைவீதியில் ரிவர்ஸில் வந்த ஆட்டோ இடித்து என் காரின் முன்பம்பர் ஒடுங்கி, ஓரத்தில் விரிசலும் விட்டது, கிளிப்பும் உடைந்தது. ஒடுங்கிய இடத்தில் கொதிநீர் ஊற்றி நிமிர்த்தினேன். விரிசலில் எம்-சீல் வைத்து, ஓரத்தை பிளாஸ்டிக் டேக்கால் இழுத்துக் கட்டினேன். மூன்று வாரம் கழித்து நெடுஞ்சாலையில் டேக் அறுந்து, பம்பர் தொங்கி, ஃபாக் லேம்ப்பும் உடைந்துவிட்டது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தும், "தகவல் சொல்லாமல் நீங்களே கைவைத்துவிட்டீர்கள்" என்று கிளெய்மை மறுத்துவிட்டார்கள். நான் செய்தது தவறா?
- வாசகர், திருப்பூர்

பதில்: சொந்தக் காரை நீங்களே சரிசெய்துகொள்வது குற்றமல்ல. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறிப்போகும்படி வண்டியை மாற்றுவதைத்தான் தடுக்கிறது. உடைந்த பம்பரை ஒட்டுவது அதில் வராது.

ஆனால், ஆபத்தான குறை இருப்பது தெரிந்தும் வண்டியைச் சாலையில் ஓட்டினால் 190ஆவது பிரிவின்படி 1,500 ரூபாய் அபராதம். அந்தக் குறையால் விபத்து நடந்து ஒருவர் காயப்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தொங்கிய பம்பர் கழன்று பின்னால் வந்த பைக்கின் முன் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி இன்சூரன்ஸ். உங்கள் சேதத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடிய சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையே சொல்கிறது. ஆகவே ஃபாக் லேம்ப்புக்குக் கேட்பது கடினம். ஆட்டோ இடித்த முதல் சேதம் வேறு. அதற்கு உடனே எழுத்தில் தகவல் தந்திருக்க வேண்டும். நிறுவனத்தைக் கேட்காமல் நீங்களே வேலை கொடுக்க வழக்கமான பாலிசி அனுமதிப்பது 500 ரூபாய் வரைதான், அதற்கும் எஸ்டிமேட் அனுப்ப வேண்டும். இடித்த அன்று எடுத்த படங்கள் இருந்தால், அந்தச் சேதத்துக்கு மட்டுமாவது வாதாட இடமுண்டு.

மறுப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு.

அதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அதன் மேல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாய் உங்கள் பங்கு. பம்பர் 6,000 ரூபாய் என்றால், சின்ன காருக்குப் பாகத்தின் வகையில் கைக்கு வருவது 2,000தான். கிளெய்ம் வாங்கினால், 20 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி இல்லாதவர்கள் சின்ன பம்பர் வேலைக்குக் கைக்காசு போடுவதே பல சமயம் லாபம்.

இனி இப்படி நேர்ந்தால், கைவைப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். இடித்த வண்டியின் எண்ணும் அதில் தெரியட்டும். அன்றே நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். பம்பரோடு நம்பர் பிளேட் கழன்றால் கம்பி போட்டுக் கட்டாதீர்கள். உயர்பாதுகாப்புப் பலகையை அதற்குரிய பூட்டோடுதான் பொருத்த வேண்டும். டேக் தவறில்லை. ஆனால் அது ஒர்க் ஷாப் போய்ச் சேரும் வரைக்கும்தான்.