இரவில் ஓயாமல் அழும் குழந்தை
(குடும்பப் பாடம்)



நம் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராம வீடு ஒன்றில் இரவு 11 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்து ஐந்து வாரமான குழந்தை சாயங்காலம் தொடங்கிய அழுகையை இன்னும் நிறுத்தவில்லை. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தூளியில் போட்டு ஆட்டியும் பார்த்தாயிற்று. முகம் சிவக்க, காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு வீறிடுகிறது. “உரம் விழுந்திருக்கும்” என்கிறார் மாமியார். “கண்ணேறு” என்கிறாள் பக்கத்து வீட்டுப் பாட்டி. விடியற்காலை வேலைக்குப் போகவேண்டிய தகப்பனோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறான். “என் பாலில்தான் குறை” என்று தன்னையே நொந்துகொண்டு, பிள்ளையோடு சேர்ந்து தாயும் அழுகிறாள்.

இந்த வாரப் பாடம் அந்தத் தாய்க்கும், அவளைச் சுற்றியிருக்கிற நம் எல்லோருக்கும் உரியது.

1. இந்த அழுகை யாது?

நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, சுகமாயிருக்கும் குழந்தையே இப்படி அழுவதுண்டு. நாளுக்கு 3 மணிக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அதை “கோலிக்” என்று கொள்ளலாமென 1954-ல் மோரிஸ் வெசல் என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கணக்கு வகுத்தார். 1962-ல் பிரேசல்டன் என்னும் வைத்தியர், 80 குழந்தைகளின் தாய்மாரை அன்றாட அழுகையைக் குறித்து வரச் சொன்னார். அழுகை 6-வது வாரத்தில் உச்சத்துக்கு ஏறி, நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 மணி நேரத்தை எட்டியது. 12-வது வாரத்துக்குள் 1 மணிக்கும் கீழே இறங்கியது. அந்தி வேளையிலும் முன்னிரவிலுமே அழுகை மிகுதி.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையும், புட்டிப்பால் குடிக்கும் பிள்ளையும் ஒன்றுபோலவே இப்படி அழுகின்றன. ஆகையால், தாயே, குற்றம் உன் பாலில் இல்லை. மூன்று நான்கு மாதத்தில் இது தானாய் ஓயும்.

2. முதலில் செய்யவேண்டியது

விளக்கைப் போட்டு, துணியை முழுவதும் அவிழ்த்து உச்சி முதல் பாதம் வரை பாருங்கள். எறும்பு கடித்திருக்கலாம். அரைஞாண் கயிறோ, கை காலில் கட்டிய கறுப்புக் கயிறோ இறுகியிருக்கலாம். தலைமுடி ஒன்று கால் விரலைச் சுற்றி, விரல் வீங்கியிருக்கலாம்; இது கண்ணுக்கு எளிதில் தெரியாது. அடிவயிற்றின் கீழே தொடை மடிப்பில் கெட்டியான வீக்கம் உண்டா என்றும் பாருங்கள்; இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஒன்றுமில்லையென்றால் பசியாற்றி, தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யுங்கள். பிறகு விளக்கைத் தணித்து, சத்தத்தைக் குறைத்து, மார்போடு அணைத்து மெல்ல நடங்கள். தாலாட்டு ஒரே ராகமாய் இருக்கட்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு புது உபாயம் செய்தால் பிள்ளை இன்னும் மிரளும். 1986-ல் வெளிவந்த ஒரு பரிசோதனையில், அழுதாலும் அழாவிட்டாலும் பகலிலேயே அதிக நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள், 6-வது வாரத்தில் மற்றக் குழந்தைகளைவிட 100-க்கு 43 பங்கு குறைவாய் அழுதன. “தூக்கினால் கைப்பழக்கம் ஆகிவிடும்” என்று இந்த மாதங்களில் அஞ்சவேண்டாம்.

தூங்கிய பின் தட்டையான பாயில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தூளியில் குழந்தையின் தலை வளைந்து, தாடை மார்பில் அழுந்தினால் மூச்சு முட்டும்.

3. செய்யத் தகாதவை

பெரியவர்கள் அன்பினாலேயே சொல்லுகிறார்கள்; ஆயினும் சிலவற்றை மரியாதையோடு மறுக்கவேண்டும்.

உரம் எடுப்பதென்று புடவையில் போட்டு உருட்டுவதும், தலைகீழாய்ப் பிடித்துத் தட்டுவதும் ஆகாது. மூக்கிலோ தொண்டையிலோ எண்ணெய் விட்டால் அது நுரையீரலில் இறங்கி ஜன்னி உண்டாக்கும். வயிற்றில் சூடு போடுவது கொடுமை. “பிள்ளை வளர்ப்பான்” என்று பேர்பெற்ற வசம்பை உரைத்துப் புகட்டுவதும் வேண்டாம். அதில் நஞ்சுள்ள சத்து ஒன்று உண்டென்று கண்டு, அமெரிக்கா 1968-ல் அதை உணவில் சேர்க்கத் தடை செய்தது. கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் செய்தது. அதன் பழைய செய்முறையில் சாராயம் சேர்ந்திருந்தது, பின்னாளில் நீக்கப்பட்டது. எப்படியாயினும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலும், வைத்தியர் எழுதிய மருந்தும் தவிர வேறெதுவும் வேண்டுவதில்லை. சர்க்கரைத் தண்ணீரும் அப்படியே.

எல்லாவற்றிலும் பெரியது இது: கோபத்தில் குழந்தையைக் குலுக்காதீர்கள். அதன் தலை கனமானது, கழுத்தோ வலுவற்றது. சில விநாடி குலுக்கினாலே மூளையில் இரத்தம் கசியும், பார்வை போகும், உயிரும் போகும். கெட்டவர்கள்தான் இதைச் செய்வார்கள் என்று எண்ணாதீர்கள். பல இரவு தூங்காத நல்ல தாய் தகப்பனுக்கும் அந்த ஒரு கணம் வரக்கூடும். வந்தால், பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வாசலுக்குப் போங்கள். முகம் கழுவி, மூச்சை ஆற்றிக்கொண்டு, பத்து நிமிஷத்தில் திரும்புங்கள். பத்து நிமிஷ அழுகையால் பிள்ளைக்குக் கேடு வராது.

4. தாயைத் தாங்குவது

தகப்பன்மாரே, இரவின் முதற்பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பாட்டிமாரே, உங்கள் மருந்தைவிட உங்கள் மடி மேலானது. பகலில் இரண்டு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொண்டு மருமகளைத் தூங்கவிடுங்கள். கோவிலில் குழந்தை அழுதால் திரும்பி முறைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தாய் சிரிப்பில்லாமல், உண்ணாமல், “நான் எதற்கு உயிரோடு இருக்கிறேன்” என்று பேசினால், அது பிரசவத்தை அடுத்து வரும் மனநோய். தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

5. கேள்வியும் பதிலும்

கே: எப்போது விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்?
ப: மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு ஜுரம் 100.4 டிகிரியை எட்டினால், பச்சையாய் வாந்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால், பால் குடிக்க மறுத்துத் துவண்டால், வலிப்பு வந்தால், உச்சிக்குழி புடைத்தால், விட்டு விட்டு வீறிட்டு முகம் வெளுத்தால்.

கே: எங்கே போவது?
ப: பகலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். அவசரமானால் 108-ஐக் கூப்பிட்டு, எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ செல்லுங்கள்.

கே: ஒன்றுமில்லை என்று வைத்தியர் அனுப்பிவிட்டால்?
ப: வீண் அலைச்சல் என்று வருந்தாமல் நிம்மதியாய் வீடு திரும்புங்கள். பிள்ளை சுகமாயிருக்கிறது, காலம்தான் மீதி மருந்து.

இத்தாளைப் படித்து முடித்தபின், கைக்குழந்தை உள்ள அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அந்தத் தாயிடம் “நேற்று தூங்கினாயா அம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள்.