அட்டைப்பெட்டி தாம்பரத்தோடு நிற்கட்டும்

அன்புள்ள மாப்பிள்ளை செந்திலுக்கு,

மாமா எழுதுவது. கார்த்திகை பிறந்ததும் குவைத்திலிருந்து வருகிறாய், எங்களோடு திருவல்லிக்கேணியில் இரண்டு நாள் தங்கி மவுண்ட் ரோடில் பேங்க் வேலையை முடித்துக்கொண்டு பட்டுக்கோட்டைக்குப் போகிறாய் என்று உங்கம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். கூடவே, ஊரிலிருந்து எட்டுப் பேர் வேன் பிடித்து உன்னை அழைக்க வரப்போவதாகவும் சொன்னாள். வேனை நான் நிறுத்திவிட்டேன். ஆள் ஏறியது போக வேனில் பெட்டிக்கு இடமேது? வெளிநாட்டிலிருந்து வந்தவனே டிவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய ஊர் போய்ச் சேர்ந்த கதை நம் தெருவிலேயே உண்டு.

நீ என்ன கொண்டு வருவாய் என்று எனக்குத் தெரியும். கம்பளி, பால் பவுடர், டாங், தைலம், பிஸ்தா. ஏர்லைன்காரன் முப்பது கிலோ விடுகிறான் என்பதற்காக முப்பதையும் ஒரே பெட்டியில் திணிக்காதே. ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக எந்த விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். அது சுமை ஏற்றுகிற தொழிலாளியின் இடுப்பைக் காப்பாற்ற வைத்த வரம்பு. தினம் தூக்கிப் பழகியவனுக்கே அவ்வளவுதான் என்றால் நீ யோசித்துக்கொள். இரண்டாகக் கட்டு. ஆனால் எடை பார்த்துப் பிரிக்காதே, போகிற இடம் பார்த்துப் பிரி. ஊருக்கானதெல்லாம் அட்டைப்பெட்டியில். சென்னையில் உனக்கு வேண்டிய துணிமணி, எங்கள் வீட்டுக்குக் கொடுக்க வைத்திருப்பது, இவை சக்கரம் வைத்த சூட்கேஸில். பாஸ்போர்ட்டும் பேங்க் காகிதமும் தோள்பையில். ரூமில் யாராவது “அண்ணே, சின்னப் பார்சல்தான்” என்று நீட்டினால், என்ன இருக்கிறதென்று உன் கண்ணால் பார்க்காமல் வாங்காதே.

இப்படிப் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மீனம்பாக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் இருக்கிறது. நாங்கள் வடக்கே, உன் ஊர் தெற்கே. நீ போனபோது கோயம்பேட்டில் பஸ் ஏறியிருப்பாய். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு தெற்கே போகிற பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அந்தக் கனத்தை ஊருக்குள் இழுத்து வந்து, எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏற்றி, இரண்டு நாள் கழித்து இறக்கி, வந்த வழியே ஏர்போர்ட்டைத் தாண்டித் திரும்பக் கொண்டுபோவதில் என்ன இருக்கிறது? தாம்பரத்தில் உன் அத்தான் இருக்கிறார். காரில் தனியாக வரச் சொல்லியிருக்கிறேன். அட்டைப்பெட்டியை அவரிடம் கொடுத்துவிடு. கிளாம்பாக்கம் போகும்போது வழியில் எடுத்துக்கொள்ளலாம். அவர் உன்னையும் திருவல்லிக்கேணி வரை கொண்டுவந்து விடுகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல், அவருக்கு எட்டு மணிக்கு வேலைக்குப் போகவேண்டும்.

பெட்டியை நைலான் கயிற்றால் கட்டுவாய். கட்டு, ஆனால் பிடிக்கிற இடத்தில் பழைய துணியைச் சுற்று; வெறும் கயிறு பத்தடி நடப்பதற்குள் விரலை அறுத்துவிடும். கார்த்திகை மழைக்காலம். உள்ளே பெரிய பிளாஸ்டிக் பை விரித்துவிட்டு அடுக்கு. நனைந்த அட்டை அடியோடு பிய்ந்து பிஸ்தாவெல்லாம் தரையில் உருளும்.

உன் விமானம் விடியற்காலை நான்கு மணிக்கு. இமிகிரேஷன், பெல்ட், கஸ்டம்ஸ் எல்லாம் முடிய ஐந்தாகிவிடும். மெட்ரோவும் ஐந்துக்குத்தான் ஆரம்பம். சூட்கேஸ் மட்டும் என்றால் மெட்ரோவே போதும், ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் நடை உண்டு. ரயிலுக்குள் ட்ராலி வராது, பெட்டியை எக்ஸ்ரே மெஷினில் வைத்து எடுக்கவேண்டும். டிக்கெட் கேட்டில் அகலமானது ஒன்று இருக்கும், அதில் போ. விம்கோ நகர் ரயிலில் ஏறு. சின்னமலை வரை மேலே போய், சைதாப்பேட்டையில் பூமிக்குள் இறங்கிவிடும். அப்புறம் போன் சிக்னலை நம்பாதே, ஏறும்போதே எனக்குச் சொல்லிவிடு. எதிரே திரிசூலத்தில் மின்சார ரயிலும் இருக்கிறது, அதைவிட மலிவு. 1931லேயே மின்சார ரயில் விட்ட பாதை அது, எனக்குப் பிரியமான ரயில்தான். ஆனாலும் பெட்டியோடு படி ஏறி இறங்கிக் கூட்டத்தில் முண்டுவது உனக்கு வேண்டாம்.

அத்தானால் வரமுடியாமல் போய், இரண்டு பெட்டியும் உன் தலையில் விழுந்தால் மெட்ரோவை மறந்துவிடு. டாக்ஸிதான். செலவைப் பார்க்காதே, எத்தனை தடவை தூக்கி இறக்கவேண்டும் என்று பார். போனில் புக் செய்கிற வண்டிகள் வாசலுக்கு வராது. பக்கத்தில் மல்டிலெவல் பார்க்கிங்கில் நிற்கும், அங்கே போய் ஏறவேண்டும். சினிமா தியேட்டர்கூட அங்கே வைத்திருக்கிறார்கள், பெட்டியோடு வருகிறவன் எந்தப் படத்தைப் பார்ப்பான் என்று தெரியவில்லை. உன் குவைத் சிம்மில் ஓ.டி.பி. வருமா என்பதும் சந்தேகம். அதனால் வெளியே வருவதற்கு முன்பே ப்ரீபெய்டு கவுண்டரில் பணம் கட்டிச் சீட்டு வாங்கிவிடு. அந்தச் சீட்டை வீட்டு வாசலில் பெட்டி இறங்கிய பிறகுதான் டிரைவரிடம் கொடுக்கவேண்டும். ட்ராலியை யாராவது தானாக வந்து பிடித்தால் “வேண்டாம்ணே” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள். பத்தடி தள்ளிவிட்டு தினார் கேட்பார்கள்.

மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டத்தில் இறங்கி லிஃப்டில் மேலே வா. படியில் ஏறிப் பலம் காட்டாதே. நான் ஆட்டோ வைத்துக்கொண்டு நிற்பேன்.

அத்தை தனக்கு ஒன்றும் வாங்கவேண்டாம் என்று எழுதச் சொன்னாள். நீ கேட்கமாட்டாய். வாங்கினால் கனமில்லாததாக வாங்கு.

இப்படிக்கு,
மாமா