பனிநிலத்துக் கோழி

ஓர் உயிரைப் பேணுதற்கு அன்பு வேண்டும். ஆயினும் அன்பு மட்டும் போதாது. அவ்வுயிரின் இயல்பை அறியும் அறிவும் உடன்வேண்டும். இவ்வுண்மையைக் குளிர்நாட்டார் தம் கோழி வளர்ப்பில் தெளிவாகக் கண்டுள்ளனர்.

இங்கிலாந்தில், கெண்ட் நாட்டுப்புறத்து ஊராக அந்நாளில் விளங்கியது ஆர்ப்பிங்டன். அங்கு வாழ்ந்த வில்லியம் குக் என்பவர் வண்டியோட்டியாக இருந்தவர். அவர் மினோர்க்கா, இலாங்சான், பிளிமத் ராக் என்னும் கோழியினங்களைக் கலந்து, 1886ஆம் ஆண்டில் கருநிறக் கோழியினம் ஒன்றைத் தோற்றுவித்தார். ஊர்ப்பெயரே அதற்குப் பெயராயிற்று. 1894இல் பொன்னிற ஆர்ப்பிங்டனும் தோன்றியது. பின்னர் இவ்வினம் கடல் கடந்து அமெரிக்காவையும் அடைந்தது.

அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மான்ட் என்னும் மாநிலம் உளது. அங்குக் குளிர்காலத்தில் நிலமெல்லாம் வெண்பனி மூடிக் கிடக்கும். சில இரவுகளில் குளிர், பூச்சியத்திற்குக் கீழ் 20 டிகிரிக்கும் இறங்கும். அத்தகைய குளிரையும் ஆர்ப்பிங்டன் கோழி தாங்கவல்லது. ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள பருத்த உடலும், அடர்ந்து பொங்கிய இறகுகளும் அதற்குக் கவசமாகின்றன. அதன் உடல்வெப்பமோ ஏறத்தாழ 41 டிகிரி. ஆனால் கொண்டைக்கும் தாடிக்கும் இறகுப் போர்வை இல்லை. ஆங்கேதான் இடர் நேரும்.

புதிதாகக் கோழி வளர்க்கப் புகுந்தவர், பனி பெய்யத் தொடங்கியதும் இரக்கமுற்று, கூட்டின் இடைவெளிகளையெல்லாம் அடைத்துவிடுவர். விளைவு யாது? கோழிகளின் மூச்சாலும் எச்சத்தாலும் எழும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். அவ்வீரம் கொண்டையிற் படிய, கடுங்குளிரில் அதன் நுனி உறைந்து கருகும். துன்புற்ற சேவல் இரை கொள்ளாது சோரும். அதன் கருவூட்டும் ஆற்றலும் குன்றும். இளவேனிலில் அடைவைக்கும் முட்டைகள் பல கூமுட்டைகளாய்ப் போகும். காக்க எண்ணிச் செய்த செயலே கேடாய் முடிந்தது, பார்த்தீர்களா!

அறிந்தவர் செய்வது வேறு. அவர் கூரையை ஒட்டிக் காற்றுவழி விடுவர். கோழிகள் அமரும் மட்டத்தில் குளிர்காற்று வீசாதவாறு தடுப்பர். தரையில் உலர்ந்த மரச்சீவல்களைத் தடிப்பாகப் பரப்பி, நனைந்தவற்றை அவ்வப்போது அகற்றுவர். கோழிகள் உறங்குதற்கு அகன்ற கட்டையை அமைப்பர். அதன்மேல் விரல்களைப் பரப்பி அமரும் கோழி, தன் வயிற்றிறகுகளால் அவற்றைப் போர்த்திக்கொள்ளும். தண்ணீர் உறைந்துவிடுமாதலின், நாள்தோறும் பலமுறை வெதுவெதுப்பான நீரை மாற்றி வைப்பர். மாலையில் மக்காச்சோளம் சிறிது ஈவர். அது செரிக்கும்போது எழும் வெப்பம் நீண்ட இரவிற்குத் துணையாகும்.

அங்கு மார்கழியில் பகற்பொழுது 9 மணி நேரத்திற்கும் குறையும். ஒளி குறையவே முட்டையும் குறையும். பொழுது நீள, முட்டை பெருகும். அப்பொழுது நல்ல சேவல் ஒன்றற்கு எட்டுப் பெட்டைகள் அளவில் சேர்த்து விடுவர். இட்ட முட்டை குளிரால் வெடியாதபடி பலமுறை சென்று எடுத்து, மிகுந்த குளிரோ வெப்பமோ தாக்காத இடத்தில் வைத்து, பத்து நாளுக்குள் அடைவைப்பர். ஆர்ப்பிங்டன் பெட்டை அடைகாப்பதில் விருப்பம் மிக்கது. 21 நாளில் குஞ்சுகள் வெளிவரும்.

வெளியே பனி உருகத் தொடங்கும் நாளில், தாயின் சிறகடியிலிருந்து குஞ்சுகள் எட்டிப்பார்க்கும். அவ்வுயிர்களைக் காத்தது யாது? அடைத்த கதவன்று, கூரையடியில் திறந்துவைத்த சிறு காற்றுவழியே. அறிவோடு கூடிய அன்பே உயிர்களுக்கு உண்மையான காவல் என்பதை நாமும் உளங்கொள்வோமாக.