காமாட்சி கோயிலுக்குப் பக்கத்து மின் நிலையம்

ஜெர்மனியில் ஹம் நகரின் காமாட்சி அம்பாள் தேருக்குப் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். கோபுரம் எழுந்திருப்பது ஊன்ட்ரோப் என்ற புறநகரின் தொழிற்பேட்டைக்குள். பக்கத்திலேயே வெஸ்ட்ஃபாலன் மின் நிலைய வளாகம். அவசரத்துக்கு மின்சாரம் சேர்ப்பது பற்றி உலவும் நம்பிக்கைகள் பலவற்றை அந்த வளாகத்தை வைத்தே சரிபார்க்கலாம்.

“பணமும் துணிவும் இருந்தால் பெரிய நிலையத்தை நாலே வருடத்தில் கட்டிவிடலாம்.”

1970களின் தொடக்கத்தில் அங்கே 300 மெகாவாட் தோரிய அணு உலை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். நம் குமரிக்கரை மணலில் கிடக்கும் அதே தோரியம். மின்சாரம் வந்தது 1985இல். 1989இல் உலையை மூடியாயிற்று. பிறகு 2008இல், ஏறக்குறைய 800 மெகாவாட் வீதம் இரண்டு நிலக்கரி அலகுகளுக்கு அடிக்கல் நாட்ட அப்போதைய சான்சலர் ஆங்கெலா மெர்க்கலே வந்தார். ஒன்று 2014இல் ஓடத் தொடங்கியது. மற்றது ஓடும் முன்பே சேதமடைந்து 2015இல் கைவிடப்பட்டது. ஓடிய அலகும், நிலக்கரியைக் கைவிடும் திட்டத்தின் முதல் ஏலத்தில், 2020 டிசம்பரில் இழப்பீடு பெற்றுக்கொண்டு விலகியது. அம்மன் தீர்த்தமாடும் கால்வாய் வழியே மேற்கே போனால், கால்வாய் தொடங்கும் ஊரான டாட்டெல்னிலும் இதே கதைதான். ‘டாட்டெல்ன் 4’ நிலக்கரி அலகைக் கட்டத் தொடங்கியது 2007இல். வழக்குகள், கொதிகலன் கோளாறுகள் எல்லாம் தாண்டி அது வணிக உற்பத்திக்கு வந்தது 2020 மே மாதம். இத்தனைக்கும் இது பொறியாளர்களுக்குப் பெயர்போன நாடு.

“2022இல் ரஷ்ய எரிவாயு நின்றபோது புதிய நிலையங்கள் கட்டித்தான் தப்பித்தார்கள்.”

அந்த ஆண்டு கைகொடுத்தவை பழைய நிலையங்கள். இருப்பில் ஒதுக்கி வைத்திருந்த மேரும் நிலக்கரி நிலையம் ஆகஸ்ட் 1இல் சந்தைக்குத் திரும்பியது. மாதக் கடைசியில் ஹைடன் வந்தது, அக்டோபரில் யேன்ஷ்வால்டேயின் பழுப்பு நிலக்கரி அலகுகள். ஜூலையில் சட்டம், ஆகஸ்டில் மின்சாரம். எந்தப் புதுக் கட்டுமானத்தாலும் இந்த வேகத்தைத் தொட முடியாது. அதற்கு விலையாகப் போனது புகை. வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் 10 மாதங்களுக்குள் எரிவாயு முனையம் எழுந்ததே என்பார்கள். அங்கே 2022 டிசம்பரில் வந்து நின்றது ‘ஹோக் எஸ்பெரான்சா’ என்ற வாடகைக் கப்பல். திரவ எரிவாயுவை மறுபடி வாயுவாக்கித் தருவதுதான் அதன் வேலை. மின்சாரம் அது தராது. ஆனால் அனுமதிக் காலத்தைச் சுருக்க அப்போது தனிச் சட்டமே போட்டார்கள். வேகம் அங்கிருந்து பிறந்தது.

“மூடிய அணு உலைகளைத் திறந்தால் போதும்.”

கடைசி மூன்று உலைகள், மொத்தம் 4,000 மெகாவாட் அளவுக்கு, 2023 ஏப்ரல் 15இல் நின்றன. நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும்போது ஓடுகிற உலைகளை நிறுத்தியது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் ஓடுவதை நிறுத்தாமல் விடுவது ஒரு வேலை, பிரித்துப் போட்டதைக் கூட்டி ஓட்டுவது முற்றிலும் வேறு வேலை. அவற்றில் ஒன்றான ஈசார் 2 உலையைப் பிரிக்க 2024இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். 2021இல் மூடிய குண்ட்ரெம்மிங்கனின் இரு குளிர்விப்புக் கோபுரங்களும் 2025 அக்டோபர் 25 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

“வெயில் முகம் காட்டாத நாட்டுக்கு சோலார் எதற்கு?”

2024இல் மட்டும் 16 ஜிகாவாட்டுக்கு மேல் தகடுகளை ஏற்றினார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கூட பால்கனியில் தகட்டை மாட்டி, 800 வாட் வரை சாதாரண பிளக்கிலேயே செருகிக்கொள்ளலாம். இப்படிப் பதிவானவை 2025இல் பத்து லட்சத்தைத் தாண்டின. புதிதாகச் சேர்ப்பதில் இதைவிட வேகமானது அங்கே இல்லை. ஆனால் அந்த 16 ஜிகாவாட், ஆண்டுச் சராசரியில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் தரும். டிசம்பர் மாலை ஐந்து மணிக்கு ஒன்றுமே தராது. 2024 டிசம்பர் 12 மாலை, காற்றும் ஓய்ந்துபோக, மொத்தச் சந்தையில் ஒரு யூனிட் 93 சென்ட்டுக்குப் போனது. அந்த ஆண்டின் சராசரி 8 சென்ட்டைச் சுற்றித்தான் இருந்தது. ஆகவே மெகாவாட் கணக்கு கேட்கும்போது எந்த நேரத்து மெகாவாட் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

“அப்படியானால் எரிவாயு சுழலி வாங்கி வையுங்கள்.” பெர்லின் மோவாபிட்டிலேயே சீமென்ஸ் எனர்ஜியின் சுழலி ஆலை இருக்கிறது. என்றாலும் பெரிய சுழலிகளுக்கு உலகமே வரிசையில் நிற்கிறது. இன்று கேட்டால் சில ஆண்டுகள் கழித்துத்தான் கிடைக்கும்.

மறுபடி ஊன்ட்ரோப்புக்கு வருவோம். அந்த வளாகத்தில் 2025 தொடக்கத்தில் 140 மெகாவாட் மின்கலத் தொகுதி ஒன்று ஓடத் தொடங்கியது. முடிவெடுத்ததிலிருந்து ஓடும் வரை இரண்டு ஆண்டு சொச்சம். நிலமும், உயரழுத்தக் கம்பியும், கிரிட் இணைப்பும் பழைய நிலையம் விட்டுப்போனவை. வெறும் வயலில் இதை வைக்கப் போயிருந்தால் இணைப்புக்கே காத்திருக்க வேண்டியிருக்கும். கொள்ளளவு 151 மெகாவாட் மணி. முழு வேகத்தில் விட்டால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும்.

மூடிய நிலக்கரி அலகின் ஜெனரேட்டரையும் அங்கே பழைய இரும்புக்குப் போடவில்லை. மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க, நிலக்கரி இல்லாமலே அதைச் சுழல வைத்தார்கள்.